வன்னியிலிருந்து வந்த கடுதாசியும் எங்கள் வீட்டு வெற்றிலையும்

மாத்தளை பஜாரில் மிளகு வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, இது எத்தனை வெயில் கண்ட மிளகு, எந்தச் சரிவில் காய்த்த மிளகு என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நானாகச் சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். என்னோடு போட்டி போட்டு வாங்குகிற முதலாளிமாரே சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு என் ஸ்டோருக்குத்தான் வருவார்கள். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டு, மீசை முளைக்கும் முன்பே மூட்டை தூக்க வந்தவனுக்கு இன்றைக்கு மூன்று லொறி ஓடுகிறது. ஒரு நாள்கூட யாருடைய சிபாரிசிலும் நான் எழும்பி வரவில்லை.

மனிதன் கொஞ்சம் பெரியவனாகிவிட்டால் கடிதங்கள் வரத் தொடங்கும். கும்பாபிஷேகத்துக்கு வாருங்கள், பரிசளிப்பு விழாவுக்கு வாருங்கள், விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் தாருங்கள் என்று எல்லாமே ‘பெருமதிப்பிற்குரிய’ என்றுதான் தொடங்கும். அவற்றில் ஒன்றையும் நான் கடைசி வரி வரைக்கும் வாசித்தது கிடையாது. ஒரே ஒரு கடிதத்தைத்தான் சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அது என்னைப் பார்த்து, ‘மச்சான், நீங்கள் மிளகில் பப்பாசி விதை கலப்பீர்களா?’ என்று கேட்டு வந்த கடிதம். காய்ந்த பப்பாசி விதை பார்வைக்கு மிளகு மாதிரியே இருக்கும், கலப்படக்காரர்களின் சரக்கு. அதை எழுதியவன் அதற்கு முன்னால் என்னைக் கண்ணால் கண்டதே இல்லை.

அவன் எனக்கு என்ன உறவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு தங்கச்சி முறை உண்டு. கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். எனக்கு அத்தை. லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா அவளுடையது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஆட்களின் வீடுகளை அடித்து எரித்த அந்தக் கெட்ட காலத்தில், இனி இந்த மலையே வேண்டாம் என்று அத்தையும் மாமாவும் வடக்கே வன்னிக்குப் போய்விட்டார்கள். காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். அவர்களுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. இரண்டும் அங்கே பிறந்தவை. மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு தந்தி வந்தது. அதற்குப் பிறகு என் அப்பாவும் போய்விட்டார். நடுவில் சண்டை வந்து பாதையை மூடியது. தூரத்துச் சொந்தம், அதோடு தூரத்து ஊர். போக்குவரத்து அறுந்துபோனது.

சமாதானம் என்று கொஞ்ச நாள் பேசிவிட்டு மறுபடியும் சண்டையைத் தொடங்கிய காலத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. கலியாணமாகிப் பிள்ளை குட்டிகளோடு, ஸ்டோரும் ஒரு லொறியுமாக இருந்தேன்.

கொண்டு வந்தவள் ஒரு அம்மாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. ஸ்டோருக்குள் வந்து கிராம்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கான்ல விழுந்த பய நீதானா?” என்றாள்.

மூட்டை தூக்க வந்த புதிதில் பஜார்ச் சாக்கடைக் கானில் ஒரு தடவை விழுந்தது உண்மைதான். ஆனால் கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும்?

“யாருங்க நீங்க?”

“ஒன் அத்தை வீட்டுக்கு அடுத்த வளவுதான் என் வீடு. கண் ஆப்பரேசனுக்குக் கண்டிக்கு வந்தேன். வெளிய வர பாஸ் குடுத்தாங்க. தங்கச்சி வீடு இரத்தோட்டையில, அங்க தான் நிக்கிறேன். ஒன் மச்சான் கடுதாசி குடுத்து விட்டிருக்கான். வியாழக்கிழமை நான் திரும்பிப் போயிருவேன். அதுக்குள்ள சாமானைக் குடுத்துரு.”

“என்ன சாமான்?”

“அதுல எழுதியிருக்கான். எனக்கென்ன படிக்கவா தெரியும்?”

கடிதம் ஒட்டாமல் திறந்திருந்தது. அந்தக் காலத்தில் ஆமியின் சோதனைச் சாவடியைத் தாண்டி வரும் கடிதங்களை யாரும் ஒட்டுவதில்லை. எப்படியும் பிரித்துப் பார்ப்பார்கள். வன்னியிலிருந்து ஒரு காகிதம் கையில் இருந்தாலே பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் அது. நான் ஸ்டோரின் பின்பக்கம் போய், சாதிக்காய் காயவைத்திருந்த சாக்கில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் மெதுவாக வாசித்தால் ஒன்றும் தப்பிப்போகாது. இப்படித்தான் எழுதியிருந்தான்:

‘அன்புள்ள மச்சானுக்கு, நலம். நலமறிய ஆவல். இதை எழுதுவது நீங்கள் காணாத உங்கள் மச்சான். ஆனால் நான் உங்களைத் தினமும் காண்கிறேன். அம்மாவிடம் ஒரு படம் இருக்கிறது. அதில் அவவுக்குப் பின்னால் மூக்கு ஒழுக நிற்பவர் நீங்கள். நான் சின்ன வயதில் குழப்படி செய்தால், ‘உன் மச்சானைப் பார், உன் வயசில் மூட்டை தூக்கினான்’ என்று சொல்லி அடிப்பா. உங்களால் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. ஒரு நாள் வந்து திருப்பித் தருவேன்.

அம்மா நல்ல சுகம். இங்கே நிலம் வெடிக்கிற வெயில் மச்சான். ஆனால் அவ இன்னும் விடியற்காலையில் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் எழும்புகிறா. குளிருதாம். மலையை விட்டு வந்ததை அவவுடைய முதுகுக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே வாங்குகிற மிளகை வாயில் போட்டுவிட்டு, ‘இது பப்பாசி விதை, எங்க ஊரு மிளகு நாக்கைப் புடிச்சு இழுக்கும்’ என்று துப்புகிறா. நீங்கள் இப்போது பெரிய மிளகு வியாபாரி என்று கேள்விப்பட்டோம். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மச்சான், நீங்கள் மிளகில் பப்பாசி விதை கலப்பீர்களா?

இனி விசயத்துக்கு வருகிறேன். தங்கச்சிக்கு ஒரு பொடியனைப் பேசியிருக்கிறோம். சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அவனைப் பிடிக்கும் என்று தங்கச்சி வாயால் சொல்லவில்லை, ஆனால் எங்கள் சைக்கிள் அடிக்கடி பழுதாகிறது. எல்லாம் சரி. அம்மாதான் பிடிவாதம். ‘என் அண்ணன் வீட்டு வெத்தலை பாக்கு வராம பந்தல் கால் ஊனக்கூடாது’ என்கிறா. கூடப் பிறந்த அண்ணன் இல்லை என்றோம். ‘அண்ணன் அண்ணன்தான்’ என்றா. அவர் இப்போது உயிரோடு இல்லையே என்றோம். ‘மகன் இருக்கானே’ என்றா. ஆக, முறைக்காரர் நீங்கள். உங்களுக்குக் கட்ட வேண்டிய பெண்ணை நாங்கள் சைக்கிள்காரனுக்குக் கொடுக்கிறோம். நீங்கள் வழக்குப் பேச வரலாம். வந்தால் எங்கள் அக்கா, அதாவது உங்கள் வீட்டுக்காரி, அகப்பையோடு வாசலில் நிற்பா என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெற்றிலையும் பாக்கும் போதும் மச்சான். வேறு ஒன்றும் அனுப்ப வேண்டாம். நீங்கள் வசதியானவர், அனுப்ப ஆசைப்படுவீர்கள். வெற்றிலை மட்டும். கொண்டு வருகிற அம்மாள் நல்லவ. ஆனால் வெற்றிலைக்காரி. கவனம்.

உங்கள் பிள்ளைகளின் கன்னத்தை எனக்காகக் கிள்ளுங்கள். பாதை திறந்தால் மாத்தளைக்கு வந்து, அம்மா சொல்கிற அந்தக் கானைப் பார்க்க வேண்டும். உங்கள் அன்பு மச்சான்.’

சண்டை என்று ஒரு சொல் இல்லை. பயம் என்று ஒரு சொல் இல்லை. நான் வாசித்துக்கொண்டே சிரித்த சத்தத்தில், கிராம்பு புடைத்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் எட்டிப் பார்த்தார்கள். காணாத ஒருவன், குண்டு விழுகிற ஊரிலிருந்து, என் தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறான். எங்கள் சாதி சனத்தில் மச்சான் என்றால் கேலி பண்ணத்தான். ஆனால் நான் பணக்காரனான பிறகு என்னைக் கேலி பண்ணுகிற மச்சான் ஒருவனும் மிஞ்சவில்லை. எல்லாருக்கும் நான் ‘முதலாளி’ ஆகிவிட்டேன். இவன் ஒருத்தன் கிடைத்தான்.

வீட்டுக்குப் போய் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அகப்பை என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“என்னைப் பாக்காமலே எப்படிங்க தெரிஞ்சுது?” என்றாள்.

எனக்கு ஒரே பெருமை. பெருமையில் நான் என்ன செய்தேன் என்றால், அவன் வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் வாங்கினேன். கூறைச் சேலை, ஒரு சோடித் தோடு, பித்தளைக் குத்துவிளக்கு, பாத்திர பண்டம், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. என் அத்தை மகளுக்கு வெறும் வெற்றிலையா? அப்படிக் கொடுத்தால் மாத்தளையில் என்னை யார் மதிப்பார்கள்? வியாழக்கிழமைக்கு முன்தினம் அந்த அம்மாள் வந்தபோது, எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துக் காட்டினேன்.

“இதையெல்லாம் நீங்க கொண்டு போக ஏலாதுதான் அக்கா. தெரியும். அதனால ஒரு ரோசனை. கலியாணத்தை ஒரு வருசம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. பாதை தொறக்கட்டும். நானே வேன் எடுத்துக்கிட்டு, மேளத்தோட வர்றேன். மாமன் வீட்டுச் சீர்னா என்னன்னு வன்னி பாக்கட்டும்.”

அந்த அம்மாள் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“பாதை தொறக்குற வரைக்கும் அந்தப் புள்ள வீட்ல இருக்கணுமே தம்பி” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“சண்டைக்கு வீட்டுக்கு ஒரு புள்ளையக் குடுன்னு இயக்கத்துல கேக்குறாங்க. கேக்குறது என்ன, கூட்டிக்கிட்டுப் போயிர்றாங்க. எங்க வளவுல ரெண்டு வீட்ல போயிருச்சு. கலியாணம் கட்டின பொண்ணுகள இப்போதைக்கு விடுறாங்க. நாளைக்கு எப்படியோ. அதுக்குத்தான் அவன் ஓடித் திரியிறான். மாப்பிள்ளை ரெடி. பந்தல் போட நாலு கம்பு ரெடி. ஒன் அத்தைக்காரி தான் வெத்தலை வெத்தலைன்னு உக்காந்திருக்கா.”

“அத்தைக்கு இது தெரியாதா?”

“தெரியாம என்ன? நாங்க எல்லாரும் ஏசியாச்சு. ‘மலையில இருந்து வரும்போது சட்டி பானை எல்லாத்தையும் போட்டுட்டு வந்தேன். முறையை மட்டும் தான் தூக்கிட்டு வந்தேன். அதையும் போடச் சொல்றீங்களா’ன்னு கேக்குறா. அதுக்கு மேல என்னத்தப் பேசுறது? அவனும் தாயை எதுத்துப் பேச மாட்டான். சிரிச்சுக்கிட்டே இருப்பான், காரியத்தைச் செஞ்சுக்கிட்டே இருப்பான். அப்படி ஒரு புள்ள.”

நான் மேசையைப் பார்த்தேன். குத்துவிளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவன் கடிதத்தில் ‘வெற்றிலையும் பாக்கும் போதும்’, ‘வெற்றிலை மட்டும்’ என்று இரண்டு தடவை எழுதியிருந்தான். நான் அதை அடக்கம் என்று நினைத்துவிட்டேன்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டோருக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு கமுகு மரம், அதில் ஏறிய வெற்றிலைக் கொடி. இரண்டும் நான் நட்டது. மாமன் வீட்டு வெற்றிலை என்றால் மாமன் வீட்டிலேயே முளைத்ததாக இருக்கட்டும் என்று, கடைக்கு ஆள் அனுப்பாமல், விடியற்காலையில் நானே கிள்ளினேன். நுனி உடையாதது, ஓட்டை இல்லாதது, ஒரே அளவு. எங்கள் வழக்கப்படி ஒற்றைப்படையில் எண்ணி அடுக்கினேன். பஜாரில் எல்லாரும் தண்ணீர் தெளித்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வரைக்கும்தான் தாங்கும், அதற்கப்பால் வெயில், புழுங்கிக் கறுத்துவிடும். நான் ஒவ்வொரு இலையையும் துணியால் துடைத்து, வாழை மட்டையின் உள்பக்கத்தில் வைத்துச் சுருட்டி, நாரால் கட்டி, வெளியே மட்டும் ஈரச்சாக்கைச் சுற்றினேன். இலைக்கு ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் படக்கூடாது. இதை எனக்கு ஒரு படித்தவனும் சொல்லித் தரவில்லை.

அந்த அம்மாள் வாயைப் பார்த்துவிட்டு, அவள் போடுவதற்கென்று வேறாக இன்னொரு பெரிய கட்டும் கட்டினேன். மச்சான் ‘கவனம்’ என்று எழுதியிருந்தானே.

“இந்தப் பெரிய கட்டு உங்களுக்கு அக்கா. சின்னக் கட்டுல கை வைக்கக்கூடாது.”

“என்னை என்னான்னு நெனச்ச நீ?” என்று கோபித்துக்கொண்டாள். ஆனால் பெரிய கட்டை உடனே மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாவடியில அவுத்துப் பாப்பாங்க. பயப்படாதீங்க. ‘மகுல் கெதரட்ட, புத்தே’ன்னு சொல்லுங்க. கலியாண வீட்டுக்கு, மகனேன்னு அர்த்தம். சிங்கள ஆளுகளுக்கும் வெத்தலைன்னா மரியாதை. சொல்லிப் பாருங்க.”

அவள் அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிடுவோமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்கு வந்த கடிதத்துக்கு நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். ‘மச்சானுக்கு. பெண்ணைக் கொடுக்கச் சம்மதம். வெற்றிலை எங்கள் வீட்டுக் கொடி. பாக்கு எங்கள் வீட்டு மரம். இத்தோடு உள்ள மிளகைக் கடித்துப் பார், பிறகு பேசு. கான் இன்னும் அங்கேயே இருக்கிறது. வா.’ இவ்வளவுதான். இதை எழுத எனக்கு ஒரு காலை நேரம் முழுக்கப் போனது. மூட்டை தூக்குவது அதைவிடச் சுகம்.

என் லொறி தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போனபோது அதிலேயே அவளை ஏற்றி அனுப்பினேன். அங்கிருந்து வவுனியா பஸ். அதற்கு அப்பால் ஓமந்தைச் சாவடி. அதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு பாதை முழுதாக மூடிக்கொண்டது. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. வெற்றிலை போய்ச் சேர்ந்ததா, அழுகியதா, சாவடியில் குப்பையில் போட்டார்களா, கலியாணம் நடந்ததா, அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. ரேடியோவில் வன்னிச் செய்தி வந்தால் ஸ்டோரில் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்வேன். என் மனைவி கிணற்றடிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கொடியைத் தொட்டுவிட்டு வருவாள். நான் கண்டும் காணாத மாதிரி இருப்பேன்.

சண்டை முடிந்து, சனங்களை முட்கம்பிக்குள் முகாமில் வைத்திருந்த சமயம், ஸ்டோருக்கு ஒரு போன் வந்தது. ஒரு பொம்பிளைக் குரல்.

“மச்சான், நான் தான். நீங்க வெத்தலை குடுத்து விட்ட பொண்ணு.”

கிராம்பு புடைப்பதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

கலியாணம் நடந்தது. வெற்றிலை வந்த அன்றைக்கே பந்தல் கால் ஊன்றினார்கள். சைக்கிள்காரனும் அவளும் அத்தையும் உயிரோடு முகாமில் இருந்தார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. எல்லாம் சொன்னாள், அண்ணனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“மச்சான் எங்க?” என்று நான்தான் கேட்டேன்.

“என்னைக் கட்டிக் குடுத்த பொறகு எங்க வீட்ல ஒரு ஆள் தானே மிச்சம் மச்சான். வந்து கேட்டாங்க. அண்ணன் சட்டையை மாத்திக்கிட்டு, அம்மாகிட்ட ‘கம்பளியைக் காய வை’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இப்ப ஆமிக்காரங்க வேற முகாம்ல புடிச்சு வச்சிருக்காங்க. உயிரோட இருக்கார். இடது கை மணிக்கட்டோட போயிருச்சு.”

அப்போதுதான் எனக்கு அந்தக் கடிதம் முழுதாக விளங்கியது. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அடுத்தது தன் முறை என்று தெரிந்துகொண்டுதான் அவன் அந்த அவசரம் காட்டியிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் பப்பாசி விதை என்றும், மூக்கு ஒழுகுகிறது என்றும் எழுதியிருக்கிறான். நான் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருவன். ஆனால் அப்படி ஒரு நேரத்தில் பேனையைப் பிடித்து ஒருவனைச் சிரிக்கவைக்கிற தைரியம் என்னிடம் இல்லை.

மச்சானின் தங்கச்சி முகாமிலிருந்து ஊருக்குப் போன பிறகும் குழந்தைக்குக் காது குத்தவில்லை. எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வரட்டும் என்றுவிட்டாள். குழந்தை நடந்தது, ஓடியது, பேசியது. பள்ளிக்கூடம் போகிற வயது நெருங்கியது. வெறும் காதோடு திரிந்தது. முறை விசயத்தில் அவள் தாய்க்குத் தப்பாத மகள். அவனை விட்ட செய்தி வந்ததும் எனக்கு அழைப்பு வந்தது.

நான் வேன் எடுத்தேன். மேளம் மட்டும்தான் இல்லை. சேலை, தோடு, குத்துவிளக்கு, அண்டா, குண்டா, ஒரு சாக்கு மிளகு, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் ஏற்றினேன். அன்றைக்குக் கொடுக்காமல் விட்டதற்கும் சேர்த்து ஏற்றினேன். நாலந்தா, தம்புள்ளை, வவுனியா என்று யாரும் மறிக்காமல் போனோம்.

தகரம் போட்ட சின்ன வீடு. வாசலில் பந்தல். ஒல்லியான ஒருவன் வந்து வேனைச் சுற்றிப் பார்த்தான். இடது பக்கச் சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தான்.

“மச்சான், மூட்டையெல்லாம் பாத்து எறக்குங்க. இங்க கான் இல்ல, ஆனா நீங்க எங்கயாச்சும் கண்டுபுடிச்சு விழுந்துருவீங்க” என்றான்.

ஒற்றைக் கையால் என்னைக் கட்டிப் பிடித்தான். நான் அழுதேன் என்று என் மனைவி சொல்வாள். வெயில் அதிகம், வேர்வை அது.

பந்தலுக்குள் அத்தை பாயில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. நான் சீரையெல்லாம் வரிசையாகப் பரப்பினேன். ஊர் கூடிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

“வெத்தலை எங்கடா?”

வெற்றிலையை விடியற்காலையில் நானே கிள்ளி, துடைத்து, வாழை மட்டையில் கட்டி, சூடு படக்கூடாது, கடைசியாக ஏற்றுவோம் என்று கிணற்றடி நிழலில் வைத்திருந்தேன். அது அங்கேயே இருந்தது.

“ஏங்க, நான் கேட்டேன்ல, எல்லாம் ஏத்தியாச்சான்னு?” என்று மனைவி என் காதைக் கடித்தாள்.

மச்சான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். “வெத்தலை மட்டும் போதும்னு எழுதினேன். இவர் வெத்தலையை மட்டும் விட்டுட்டு வந்திருக்கார்!”

அத்தை அசையவில்லை. ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அப்போது ஒரு மூலையிலிருந்து, “கொஞ்சம் பொறுங்க” என்று குரல் வந்தது. அந்தக் கடிதம் கொண்டு வந்த அம்மாள். கண்ணாடி இல்லை, இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தது. இடுப்பில் செருகியிருந்த பையை அவிழ்த்து வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இலை என்னுது. கை ஒன் அண்ணன் வீட்டுக் கைதானே?” என்று அத்தையைக் கேட்டாள். “அதோட நான் ஒரு வெத்தலை திருப்பித் தர வேண்டியும் இருக்கு. அன்னிக்கு ஓமந்தையில வரிசை நகரவே இல்ல. என் கட்டு முடிஞ்சு போச்சு. வாய் கேக்கல. அந்தக் கலியாணக் கட்டுல இருந்து ஒன்னு உருவிட்டேன்.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அடிப் பாவி! ஒத்தப்படையில வரணுமே, ரெட்டப்படையில இருக்கேன்னு அன்னிக்கே எண்ணிப் பாத்தேன். அண்ணன் மகன் அஞ்சாப்புல நிண்டவன், எண்ணத் தெரியல போலன்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தேனே!”

மூன்று லொறிக்காரனுக்கு எண்ணத் தெரியாதாம். பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்காமல் என்னைப் பார்த்துத் தொடர்ந்து சொன்னாள்:

“ஆனா ஆமிக்காரப் புள்ள ஒன்னும் எடுக்கல. சின்னப் பொடியன். கட்டை அவுத்தான். நான் நீ சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன். கையைக் காச்சட்டையில துடைச்சான். துடைச்சிட்டு, இருந்த மாதிரியே சுருட்டி, ரெண்டு கையாலயும் என்கிட்டக் குடுத்தான். பஞ்சை எடுத்த புதுக் கண்ணால நான் மொத மொத நல்லாப் பாத்தது அதுதான்.”

அத்தை வெற்றிலையை எண்ணினாள். ஒற்றைப்படை. “குத்துங்க” என்றாள்.

மச்சான் சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் ஏற்றி, இல்லாத கையின் மிச்சத்தால் அதன் இடுப்பை அணைத்து, மற்றக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகக் கேட்டேன்.

“அந்தக் கடுதாசியை எழுதும்போது ஒனக்குத் தெரியும்ல? அடுத்தது நீதான்னு?”

“தெரியும் மச்சான்.”

“எனக்கு ஒரு சொல் எழுதியிருக்கலாமே.”

“அழுது எழுதியிருந்தா நீங்க வெத்தலையை விட்டுட்டு லொறியை அனுப்பியிருப்பீங்க. அது சாவடியில நிண்டிருக்கும்” என்றான். பிறகு குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “இந்தா பார், இவர்தான் என் மிளகு மச்சான். அன்னிக்கு இவர் அனுப்புன மிளகைக் கடிச்சேன். பப்பாசி விதை இல்ல” என்று சொன்னான்.

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஆசாரி குத்திவிட்டார்.